பயம் தெளிந்த பிறகே எச்சரிக்கை தேவை

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என நீண்டு, தெற்கே வல்லம், ஒரகடம் வரை பரந்து கிடக்கிறது தமிழகத்தின் முதன்மையான தொழில் வட்டாரங்களுள் ஒன்று. 1990-களின் இறுதியில் ஹூண்டாய், 2006-இல் நோக்கியா, 2010-இல் ரெனால்ட் - நிசான், 2012-இல் டைம்லர் எனப் பெரிய ஆலைகள் அடுத்தடுத்து இங்கே உற்பத்தியைத் தொடங்கின. அவற்றுக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் சிறிய, நடுத்தர ஆலைகள் அவற்றைச் சுற்றி எழுந்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு வளாகமே 2024-இல் திறக்கப்பட்டது என்பதிலிருந்து இவ்வட்டாரத்துக்கு வந்து சேரும் இளைஞர்களின் எண்ணிக்கையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் வந்து நிற்கும் நிறுவனப் பேருந்துகளில், அன்றுதான் முதன்முதலாக ஓர் இயந்திரத்தின் முன் நிற்கப்போகும் சிலரும் இருப்பார்கள். டன் கணக்கில் அழுத்தம் தரும் பவர் பிரஸ் இறங்கும் ஓசை அவர்களுக்கு நடுக்கத்தைத் தரும். பக்கத்தில் நிற்கும் மூத்த தொழிலாளி, "பயப்படாதே தம்பி, பழகிவிடும்" என்பார். அவர் சொல்வது உண்மை, பழகித்தான் விடுகிறது. ஆனால், அந்தப் பழக்கம் எதைக் கொண்டுவருகிறது, எதை எடுத்துச் செல்கிறது என்பதை நாம் போதுமான அளவு சிந்திக்கவில்லை.

புதிய தொழிலாளியை இரண்டு அபாயங்கள் எதிர்கொள்கின்றன. முதலாவது அறியாமையால் வருவது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருவர் காயமடையும் வாய்ப்பு, ஓராண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவருக்கு இருப்பதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று கனடாவின் டொரன்டோ நகரிலுள்ள பணி மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம் கண்டறிந்துள்ளது. இந்த அபாயத்துக்கு மருந்து, முறையான பயிற்சி. இரண்டாவது அபாயம் அறிந்த பின் வருவது. கை பழகுகிறது, பயம் தெளிகிறது, பயத்தோடு சேர்ந்து கவனமும் மெல்ல விடைபெறுகிறது. அனுபவம் கூடக்கூட விபத்துகள் பொதுவாகக் குறைகின்றன என்பது உண்மையே. எனினும் எஞ்சும் விபத்துகளின் தன்மை மாறிவிடுகிறது. புதியவர் தெரியாததால் அடிபடுகிறார். பழகியவர் தெரிந்ததைப் பொருட்படுத்தாததால் அடிபடுகிறார்.

இந்த இரண்டாவது அபாயத்தை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள், ஆலைகளிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஒரு கூட்டத்தார். விமானத்திலிருந்து பாராசூட்டுடன் குதிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வான்குதிப்பு வீரர்கள்தான் அவர்கள். சுமார் 13,000 அடி உயரத்தில் விமானத்தின் கதவருகே நிற்கும் புதியவருக்கு அச்சம் இயல்பானது. ஏறத்தாழ ஒரு நிமிடம் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழப்போகிறோம் என்று தெரிந்தும் அஞ்சாதவர் இருந்தால், அவரைப் பயிற்றுநர் ஐயத்துடன்தான் பார்ப்பார். அந்த அச்சம்தான் வார்ப்பட்டையை மறுபடியும் தொட்டுப்பார்க்க வைக்கிறது. உயரமானியை நொடிக்கொரு தரம் நோக்க வைக்கிறது. சில டஜன் குதிப்புகளுக்குப் பிறகு நடுக்கம் போய் மகிழ்ச்சி மட்டும் மிஞ்சும்போதுதான் அனுபவசாலிகள் அந்தப் புதியவரைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குகிறார்கள். அண்மைப் பத்தாண்டுகளில் அமெரிக்க வான்குதிப்பு மரணங்களில் கணிசமானவை, பாராசூட் விரியாததால் நிகழ்ந்தவை அல்ல. அது சரியாக விரிந்த பிறகு, தரையிறங்கும் தறுவாயில், தேர்ந்தவர்கள் வேகமாகத் திரும்ப முயன்றபோது நிகழ்ந்தவை.

நமது மரபும் இதை அறியாததன்று. திருக்குறளில் 54-ஆம் அதிகாரத்தின் தலைப்பு 'பொச்சாவாமை'. மகிழ்ச்சியின் மிகுதியில் ஒருவரைப் பற்றிக்கொள்ளும் மறதிக்கே வள்ளுவர் பொச்சாப்பு என்று பெயரிட்டார். அந்த அதிகாரத்தை அவர் பொருட்பாலில், ஆட்சி செய்வோருக்குரிய கடமைகளின் நடுவே வைத்தார் என்பது கருதத்தக்கது. மெத்தனத்தைத் தனிமனிதரின் சோம்பலாக மட்டும் அவர் காணவில்லை. பொறுப்பில் இருப்போரின் குற்றமாகவும் கண்டார்.

மெத்தனம் ஏன் வருகிறது? 'அலட்சியம்' என்ற ஒற்றைச் சொல்லில் விபத்து அறிக்கைகள் இதை முடித்துவிடுகின்றன. ஆனால், மெத்தனத்தை உண்டாக்குவது பெரும்பாலும் அனுபவமே. 2004-இல் ஹெர்ட்விக், பாரன், வெபர், எரெவ் ஆகிய நான்கு ஆய்வாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. ஓர் அபாயத்தின் அளவை எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்பவர்கள், அரிதாக நிகழும் கேட்டுக்கு அதற்குரிய அளவைவிட அதிக எடை தருகிறார்கள். அதே அபாயத்தைத் தம் அனுபவத்தின் வழியே கற்பவர்களோ, அரிய கேட்டுக்கு மிகக் குறைந்த எடையே தருகிறார்கள். அவர்களது அனுபவத்தில் அது இன்னும் நிகழ்ந்திருக்காது என்பதே காரணம்.

இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பவர் பிரஸ் இயந்திரத்தில் ஒரு குறுக்குவழி இருப்பதாகக் கொள்வோம். அதைப் பின்பற்றினால் லட்சத்தில் ஒரு தடவை கை சிக்கும் என்றும், ஒரு ஷிப்டில் 2,000 முறை இயந்திரம் இறங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். பத்து ஷிப்ட் முடியும்போது 20,000 முறை ஆகியிருக்கும். நூறு தொழிலாளர்களில் 82 பேருக்கு எதுவும் நேர்ந்திருக்காது. அந்த 82 பேரும், "இதில் ஆபத்து ஒன்றுமில்லை" என்று தம் கண்ணால் கண்ட சான்றுடன் சொல்வார்கள். ஐம்பது ஷிப்ட் முடியும்போது தப்பியவர்கள் 37 பேர். ஓராண்டுக்கு 300 ஷிப்ட், அதாவது 6 லட்சம் முறை என்றால், காயமின்றித் தப்புபவர் 400 பேரில் ஒருவர்தான். எண்கள் கற்பனையானவை; ஆனால் தர்க்கம் கற்பனையன்று. முதல் பத்து நாள் அனுபவம் கற்பிக்கும் பாடமும் ஓராண்டின் உண்மையும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. தொழிலாளி முட்டாளாக இருப்பதால் மெத்தனம் கொள்வதில்லை. தான் கண்டதை நம்புவதால் மெத்தனம் கொள்கிறார்.

அந்தக் குறுக்குவழி எப்படிப்பட்டது என்பதையும் பார்ப்போம். தரமான பவர் பிரஸ் இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இயந்திரம் இறங்கும். அந்நேரத்தில் இரு கைகளும் வெளியே இருக்கும் என்பது அதன் நோக்கம். ஒரு பொத்தானில் ஒரு துண்டு உலோகத்தைச் செருகிவிட்டால், ஒரு கை விடுதலையாகிவிடும். அடுத்த தகட்டை எடுத்து வைக்கச் சில நொடிகள் மிச்சமாகும். வேறு சில இயந்திரங்களில் ஒளித்திரை இருக்கும். கை குறுக்கே வந்தால் இயந்திரம் நின்றுவிடும். மனிதக் கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்பது பன்னாட்டுத் தரநிலையின் கணக்கு. நிற்பதற்கு 0.3 நொடி எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தில், அதற்குள் கை 48 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே ஒளித்திரையைத் தொலைவில் பொருத்த வேண்டும். அவ்வாறு பொருத்தினால் அடிக்கடி இயந்திரம் நிற்கிறது என்று யாரோ அதை அணைத்துவைப்பார்கள். காலால் மிதித்து இயக்கும் பழைய பிரஸ் இயந்திரங்களில் இந்தக் காப்புகள் பெரும்பாலும் இருப்பதேயில்லை.

பொத்தானில் உலோகத் துண்டைச் செருகியது தொழிலாளியின் கைதான். ஆனால், அந்தக் கையை அங்கே நகர்த்தியது எது? ஒரு மணி நேரத்துக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு, சுவரில் ஒளிரும் உற்பத்திப் பலகை, இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் மேற்பார்வையாளரின் முகச்சுளிப்பு. செருகிய துண்டை ஒவ்வொரு நாளும் கடந்து செல்லும் மேற்பார்வையாளர் அதைக் காணாதவரல்லர். 1986-இல் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், இதற்கு 'பிறழ்வு இயல்பாதல்' என்று பெயரிட்டார். விதிமீறல் ஒருநாள் தீங்கின்றிக் கடந்துபோகிறது. மறுநாள் அதுவே நடைமுறையாகிறது. பிறகு விதியே அதுதான் என்று எல்லோரும் நம்பத் தொடங்குகிறார்கள்.

காப்புக் கருவிகளைக் கூட்டிக்கொண்டே போனால் போதாதா என்று கேட்கலாம். பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் இதற்கு ஒரு கசப்பான பதிலைத் தந்தார். கார்களில் பாதுகாப்பு வசதிகள் கட்டாயமானபோது ஓட்டுநர்கள் அந்தத் துணிவில் வேகமாக ஓட்டினார்கள் என்பது அவரது வாதம். பயனனைத்தும் வீணாகிவிட்டது என்ற அவரது முடிவைப் பின்வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. ஆனால் பயனில் ஒரு பகுதி துணிச்சலுக்குப் பலியாகிறது என்பதை மறுக்கவும் இல்லை. பாராசூட்டைக் கழற்றிவிட உதவும் மூவளைய அமைப்பைக் கண்டுபிடித்த பில் பூத் என்பவரும், கருவிகள் எந்த அளவுக்குப் பாதுகாப்பாகின்றனவோ அந்த அளவுக்கு வீரர்கள் துணிந்து ஆபத்தைத் தேடுகிறார்கள் என்று சொல்வதுண்டு. இதற்காகக் காப்புக் கருவிகள் வேண்டாம் என்று வாதிடுவது அபத்தம். கருவியோடு பழக்கமும் பொறுப்பும் சேர வேண்டும் என்பதே இதன் பாடம்.

2010 அக்டோபர் இறுதியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் தொழிலாளி, பேனல் ஏற்றும் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். கைப்பேசித் தயாரிப்பு என்றால் தூசியற்ற அறை, வெள்ளுடை, மென்மையான வேலை என்றெல்லாம் நினைத்திருந்த பலரை அந்த மரணம் உலுக்கியது. பவர் பிரஸ் மட்டுமே ஆளை விழுங்கும் என்பதில்லை. தானாக நகரும் எந்த இயந்திரத்திலும் பழுது நீக்கும் அந்தச் சில நிமிடங்கள் கொடியவை. இயந்திரத்தின் மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்து, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பழுது நீக்குபவரே தம்மிடம் வைத்துக்கொள்ளும் முறை உலகெங்கும் வற்புறுத்தப்படுவது இதனால்தான். "ஒரு நிமிட வேலைதானே" என்ற எண்ணம்தான் அந்தப் பூட்டின் முதல் எதிரி.

வட இந்தியாவின் வாகன உதிரிபாக ஆலைகளில் கை விரல்களை இழந்தவர்களின் நிலையை 'சேஃப் இன் இந்தியா' என்ற தன்னார்வ அமைப்பு 2019 முதல் அறிக்கைகளாக வெளியிட்டு வருகிறது. குருகிராம் - மானேசர் பகுதியில் அது சந்தித்த தொழிலாளர்களில் பலருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கிடைத்திருந்தது. இழப்பீட்டின் அளவையும் அறிந்துகொள்வது நல்லது. சட்ட அட்டவணைப்படி, ஆள்காட்டி விரல் முழுவதையும் இழந்தால் வருவாய்த் திறன் இழப்பு 14 விழுக்காடு. மாதம் ரூ.15,000 ஊதியம் பெற்றவருக்கு, ஊதியத்தின் 90 விழுக்காட்டில் 14 விழுக்காடு என்ற கணக்கில், மாதந்தோறும் ஏறத்தாழ ரூ.1,890 கிடைக்கும். இருபத்திரண்டு வயதில் ஒரு விரலின் விலை இதுதான்.

இங்கே ஒரு பொருளியல் கேள்வி எழுகிறது. விபத்தின் செலவை யார் ஏற்கிறார்கள்? இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு நிறுவனங்கள் ஊதியத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளர்கள் 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். 2019 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இவ்விகிதம் எல்லா ஆலைகளுக்கும் ஒன்றே. பத்தாண்டுகள் ஒரு விபத்தும் நிகழாத ஆலையும், ஆண்டுதோறும் விரல்களைப் பறிக்கும் ஆலையும் ஒரே சந்தாவைத்தான் செலுத்துகின்றன. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் விபத்துக் காப்பீட்டுச் சந்தா நிறுவனத்தின் விபத்து வரலாற்றுக்கேற்ப ஏறி இறங்குகிறது. அம்முறையை இங்கும் பரிசீலிக்கலாம். விபத்துகளை மறைக்கும் ஆசை அதனால் கூடும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. எனவே மறைப்புக்குக் கடுந்தண்டனையும், தொழிலாளியே நேரடியாகப் பதிவுசெய்யும் வழியும் உடன் வர வேண்டும்.

வான்குதிப்பு வீரர்களிடமிருந்து ஆலைகள் கற்கத்தக்கவை சில உண்டு. அமெரிக்காவில் முதல்நிலை உரிமம் பெறக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும்; தேர்விலும் தேற வேண்டும். உரிமம் பெற்ற புதியவர் 60 நாட்கள் குதிக்காதிருந்தால், மறுபடி மேற்பார்வையில் பயிற்சி பெற்ற பிறகே தனித்துக் குதிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார். ஆயிரம் முறை குதித்தவரும் ஒவ்வொரு முறையும் கருவிச் சோதனை செய்கிறார். இன்னொருவரையும் சோதிக்கச் சொல்கிறார். ஒவ்வொரு மரணமும் ஆராயப்பட்டு, அதன் பாடம் அனைவருக்கும் அறிவிக்கப்படுகிறது. 1970-களில் ஆண்டுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த விளையாட்டில், 2023-இல் ஏறத்தாழ 36.5 லட்சம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். அச்சத்தை விரட்டியதால் இது நிகழவில்லை. அச்சம் செய்த வேலையைப் பழக்கத்திடமும் விதியிடமும் ஒப்படைத்ததால் நிகழ்ந்தது.

நமது ஆலைகளில் ஒரு நாள் 'பாதுகாப்புப் பயிற்சி' முடித்தவர், எந்த இயந்திரத்துக்கும் மாற்றப்படலாம் என்ற நிலை பல இடங்களில் உள்ளது. இயந்திரவாரியாகத் தகுதி அட்டை, இத்தனை மணி நேரம் மேற்பார்வையில் இயக்கிய பிறகே தனிப்பொறுப்பு, நீண்ட விடுப்புக்கோ லைன் மாற்றத்துக்கோ பிறகு மறுபயிற்சி என்ற ஏற்பாட்டுக்குப் பெருஞ்செலவு ஆகாது. ஜப்பானிய ரயில்வேயில் ஓட்டுநர்கள் ஒவ்வொரு சமிக்ஞையையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் உண்டு. பார்ப்பதற்கு விளையாட்டாகத் தோன்றும் இம்முறை, நூறு செயல்களுக்கு 2.38 ஆக இருந்த பிழைகளை 0.38 ஆகக் குறைத்ததாக அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. கை அறியாமல் செய்துவிடும் வேலையை, கண்ணும் வாயும் சேர்ந்து மனத்துக்கு நினைவூட்டுகின்றன. மெத்தனத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. வான்குதிப்பு வீரர் தாமே விரும்பி, பணம் கொடுத்து ஆபத்தை ஏற்கிறார். மனம் ஒப்பவில்லையென்றால் குதிக்காமல் விமானத்திலேயே தரையிறங்கலாம். அதை யாரும் இழிவாகக் கருதுவதில்லை. பிரஸ் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அந்த வசதி உண்டா? உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்கும் உரிமையை, போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41எச் பிரிவு தந்தது. ஆனால் அது அபாயகரமான செயல்முறைகள் கொண்ட ஆலைகளுக்கே உரியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்த உரிமையை எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரித்திருக்கிறது. பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டிய தொழிற்சாலையின் வரம்பையும் 1,000 தொழிலாளர்கள் என்பதிலிருந்து 500 ஆகக் குறைத்திருக்கிறது. வரவேற்கத்தக்க மாற்றங்களே. எனினும் எண்பது பேர் வேலை செய்யும் உதிரிபாக ஆலை இந்த வரம்புக்குள் வராது. அபாயம் மிகுந்திருப்பதோ அங்கேதான்.

உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதைப் பயன்படுத்துபவரின் வேலைக்கு உத்தரவாதம் வேண்டும். தமிழகத்தின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவருக்குப் பணி நிரந்தரம் தரப்பட வேண்டும். அந்த எல்லையை எட்டுமுன்பே ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சித் தொழிலாளர்களும் விடுவிக்கப்படுகிறார்கள் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாளைய குற்றச்சாட்டு. இது ஊதியம் பற்றிய சிக்கல் மட்டுமன்று. பாதுகாப்பு பற்றியதும் ஆகும். ஆட்கள் ஓயாமல் மாறும் ஆலையில், முதல் மாதத்தின் அறியாமையும் ஆறாம் மாதத்தின் மெத்தனமும் மட்டுமே மிஞ்சும். பத்தாண்டு அனுபவத்தின் நிதானம் அங்கே வளர்வதற்கு இடமில்லை. "இந்த இயந்திரத்தின் காப்பு வேலை செய்யவில்லை" என்று சொல்லும் துணிவும் நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவருக்கு வராது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதை நினைவுகூரலாம். சோர்வு மெத்தனத்தின் உடன்பிறப்பு என்பதை அன்று எதிர்த்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

முதல் ஷிப்டுக்குச் செல்லும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். பயம் உங்கள் பலவீனம் அல்ல. அது எதற்காக வருகிறது என்று கேளுங்கள். ஒலியைக் கண்டு வரும் பயம் சில நாட்களில் போய்விடும், போகட்டும். கை எங்கே இருக்கிறது, காப்பு வேலை செய்கிறதா, அவசர நிறுத்தப் பொத்தான் எட்டும் தொலைவில் உள்ளதா என்ற கேள்விகளை மட்டும் போகவிடாதீர்கள். ஷிப்ட் தொடங்கும்போதும் உணவு இடைவேளைக்குப் பின்பும் அவற்றை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மூத்தவர் காட்டும் குறுக்குவழியில் அவருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

நிர்வாகங்களுக்கும் அரசுக்கும் சொல்ல வேண்டியதும் உண்டு. மயிரிழையில் தப்பிய நிகழ்வைச் சொல்ல முன்வருபவரைக் கண்டிக்காதீர்கள். அவர் தருவது விலையில்லாத் தகவல். காப்பை அணைத்தால்தான் எட்ட முடியும் என்ற நிலையில் ஓர் உற்பத்தி இலக்கு இருந்தால், குறை தொழிலாளியிடம் இல்லை, இலக்கில் இருக்கிறது. பெரிய ஆலைகள் தம் உதிரிபாக விநியோகஸ்தர்களிடம் தரத்தையும் விலையையும் தணிக்கை செய்வதுபோல, இயந்திரக் காப்புகளையும் தணிக்கை செய்ய வேண்டும். வாகனத்தின் ஒரு திருகாணி எங்கே செய்யப்பட்டது என்று கண்டறியத் தெரிந்தவர்களுக்கு, அதைச் செய்த கையில் எத்தனை விரல்கள் உள்ளன என்று கண்டறிவது கடினமன்று.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).